அண்ணி போட்ட சுண்ணாம்புக் கோடு

எங்கள் அண்ணிக்கு எதையும் சும்மா நம்பத் தெரியாது. சந்தேகப் பிராணி என்று அம்மா சொல்வாள். எனக்கு அந்தப் பேர் சரியாகப் படவில்லை. சந்தேகப்படுகிறவர்களுக்கு முகம் சுருங்கும், அண்ணிக்கு மலரும். யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், "அப்படியா? பாத்துட்டாப் போச்சு" என்பார். சொல்லி முடிப்பதற்குள் எழுந்தும் விடுவார். அவர் எங்கள் வீட்டில் இருந்த வரைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டாலே நான் வாசல் பக்கம் நழுவப் பார்ப்பேன்.

கல்யாணமான புதிதில் பெரியம்மா ஒரு பாட்டில் கொல்லிமலைத் தேன் கொண்டுவந்தாள். அம்மாவின் அக்கா, சொந்தத்தில் மூத்தவள், வாயைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும். "மலைத்தேன் கண்ணு. ஒரு சொட்டுப் பாகு கெடையாது" என்று புது மருமகள் கையில் கொடுத்தாள். அண்ணி ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து, பெரியம்மாவின் முன்னாலேயே ஒரு சொட்டு விட்டார். தேன் கரையாமல் நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"நெஜமாவே சுத்தமான தேன், பெரியம்மா" என்று அண்ணி சந்தோஷமாகச் சொன்னார்.

பெரியம்மா பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினாள். எங்கள் பக்கத்தில் ஒருவர் கொடுத்த பொருளை அவர் எதிரிலேயே சோதித்துப் பார்ப்பதும், நீ திருடியா என்று கேட்பதும் ஒன்றுதான். நான் சோபாவில் நெளிந்துகொண்டிருந்தேன். நானே சர்க்கரைப் பாகு கலந்து மாட்டிக்கொண்டதைப் போல எனக்கு வெட்கம். "நல்ல தேன்னுதானே தம்பி சொன்னேன்?" என்று அண்ணி என்னிடம் கேட்டார். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

இன்னொரு முறை சேலத்தில் ஒரு ஜவுளிக் கடை. தீபாவளிக் கூட்டம். ஒரு சேலையைக் காட்டிச் சாயம் போகாது என்று விற்கிற பையன் சொல்லிவிட்டான். அண்ணி குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கி, முந்தானை ஓரத்தை அதில் முக்கிக் கைக்குட்டையால் அழுத்திப் பார்த்தார். மேனேஜர் ஓடி வந்தார். நான் மெதுவாக நகர்ந்து ஆண்கள் பிரிவுக்குப் போய், வாங்கப்போகாத சட்டை ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாயம் போகவில்லை. அண்ணி அதே ரகத்தில் இன்னொன்றும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அந்தக் கடையைப் புகழ்ந்தபடியே வந்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. பொய்யைக் கண்டுபிடித்து யார் முகத்திலும் கரி பூச அவருக்கு ஆசை இல்லை. சொன்னது நிஜம் என்று தெரிந்துவிட்டால் அவருக்கு அவ்வளவு நிம்மதி. அந்த நிம்மதிக்காகத்தான் இந்தப் பாடு.

அவருக்குச் சொந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம். மரவள்ளிக் காட்டில் அப்பாவின் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பழகியவர். எங்கள் ஊர் சேந்தமங்கலத்துக்குப் பக்கம். இங்கே பெண்கள் ஸ்கூட்டர் ஓட்டலாம், அதற்கு மேல் போனால் நாலு பேர் பேசுவார்கள். அப்பா இறப்பதற்கு முந்தைய வருடம் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு வண்டிகள் வாங்கித் தந்திருந்தார். அண்ணி அதில் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு ஒருநாள் சந்தைக்குப் போய்விட்டு வந்தார். "ஊரே சிரிப்பாச் சிரிக்குது" என்று அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணன் மட்டும் உள்ளூரப் பெருமையோடு இருந்தான். அவர்கள் இருவருக்கும் அப்போது அவ்வளவு பிடித்திருந்தது. இதைச் சொல்லாவிட்டால் பின்னால் சொல்வதற்கு அர்த்தம் இருக்காது.

அண்ணன் நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தான். ஒருநாள் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, பால் சொசைட்டிக்குச் சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு போன ஒருவரை இடித்துவிட்டான். அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. ரோடெல்லாம் பால். அண்ணனுக்கு முழங்கையில் சிராய்ப்புதான். நான் போய் நின்றபோது அவன் சொன்ன முதல் வார்த்தை, "புடிச்சேன்டா. பிரேக் புடிக்கவே இல்ல."

அந்த வாரம்தான் எங்கள் ஊர் மெக்கானிக் அந்த வண்டிக்குப் பிரேக் பேட் மாற்றிக் கொடுத்திருந்தார். எங்கள் அப்பா காலத்திலிருந்து எங்கள் வண்டிகளைப் பார்க்கிறவர். அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. பெரியம்மாவில் ஆரம்பித்து ஈரோட்டுச் சொந்தம் வரைக்கும் போன் போட்டுச் சொன்னாள். "எம்பையன் உசுரு தப்புனதே பெருசு. அந்த ஆளு என்னத்தப் போட்டானோ." கொஞ்ச நாளில் மெக்கானிக் கடை வாசலில் வண்டிகள் குறைந்துபோயின.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணனின் கூட்டாளி ஒருவன் சேலத்துக் கடையிலிருந்து பெரிய பிரேக் டிஸ்க் ஒன்று வாங்கிவரச் சொன்னான். சாப்பாட்டுத் தட்டு அகலம், சுற்றிலும் ஓட்டை ஓட்டையாக, நடுவில் தங்க நிறம். டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் காலிபரைத் தள்ளி மாட்டத் தனி பிராக்கெட், பிரேக் ஆயிலுக்குப் பின்னல் போட்ட ஸ்டீல் ஹோஸ். ரேஸ் வண்டிக்குப் போடுவது. அதை வெளியூர் மெக்கானிக் ஒருவரை வைத்து மாட்டி, ஊர்க்கோடி முனியப்பன் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்டோம். புது வண்டிக்குப் பூஜை போடுவது எல்லோரும் செய்வது. பிரேக்குக்குப் பூஜை போட்டது நாங்களாகத்தான் இருக்கும். சொந்தக்காரர்கள் எல்லோரும் கோயில் பொங்கலுக்கு வந்திருந்தார்கள்.

"நம்மூரு ரோட்டுல ஓட்டறதுக்கு இத்தாப் பெரிசு வேணுங்களா?" என்று சித்தப்பா ஒருவர் கேட்டார்.

"உசுர விடவாங்க?" என்றான் அண்ணன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். பிரேக் கெட்டுப்போனதால்தானே இவ்வளவு செலவு செய்து மாற்றியிருக்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. மெக்கானிக்குக்கு அன்றே தீர்ப்பு ஆகிவிட்டது.

அவர் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"அம்மிணி, நான் சண்டைக்கு வரலீங்க. தம்பியக் கோயிலுக்கு வரச் சொல்லுங்க. பிரேக் புடிக்கலைன்னு கற்பூரத்துல அடிச்சு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் கடையப் பூட்டிட்டு வேற ஊரு பாத்துப் போயிர்றனுங்க."

"அதுக்கென்ன, வருவான். அம்மாவாசைக்கு வாரோம், போங்க" என்று அம்மா நிமிர்ந்து நின்று சொன்னாள்.

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது எங்கள் பக்கத்து வழக்கம். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பத்தை முனியப்பன் விடமாட்டார் என்று படித்தவர்களும் நம்புவார்கள், நானும் நம்புகிறேன். மெக்கானிக் தெருமுனை திரும்பினாரோ இல்லையோ, அம்மா வாசலிலிருந்து உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அண்ணன் டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். அவனை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அவனுக்கு இப்ப நேரஞ் சரியில்ல. கற்பூரத்துல கை வெக்க வேண்டாம்" என்றாள். பிறகு அண்ணி பக்கம் திரும்பி, "நீ அடிச்சிரு கண்ணு. கட்டுனவ அடிச்சா அவன் அடிச்ச மாதிரித்தான்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஊர் முழுக்கப் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்ன அதே வாய், மகனின் கையைக் கற்பூரத்துக்குப் பக்கத்தில் விட மறுக்கிறது. மருமகள் கை என்றால் பரவாயில்லை. அம்மாவுக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும் என்பது இப்போது எனக்கும் தெரியும். மூன்று பேரும் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணி மட்டும் அண்ணனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் திரும்பவே இல்லை.

"சரிங்க அத்தை. ஆனா பாத்துட்டுத்தான் அடிப்பேன்" என்றார் அண்ணி.

மறுநாள் காலையில் என்னிடம் வந்தார். அண்ணன் வண்டியிலிருந்து கழற்றிய பழைய டிஸ்கையும், மெக்கானிக் போட்ட அதே பேடையும் என் வண்டியில் மாட்டச் சொன்னார். இரண்டு வண்டியும் ஒரே ரகம் என்பதால் அது அப்படியே பொருந்தியது. எங்கள் ஊரைத் தாண்டி ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் ஒன்று இருக்கிறது. மரவள்ளி வரத்து இல்லாத மாதம் என்பதால், மாவு காயப்போடும் சிமெண்டுக் களம் காலியாகக் கிடந்தது. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனோம். அண்ணி களத்தின் நடுவில் சுண்ணாம்பால் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"இந்தக் கோட்டுல வந்ததும் புடிப்பேன். எங்க நிக்குதோ அங்க நீ அடையாளம் போடு" என்றார்.

பழைய டிஸ்க் போட்ட என் வண்டிக்குச் சுண்ணாம்பு அடையாளம். பெரிய டிஸ்க் போட்ட அண்ணன் வண்டிக்குச் செங்கல் அடையாளம். இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட்டி வந்து கோட்டில் பிடித்தார். வெள்ளையும் சிவப்பும் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தன. "இன்னொரு தடவை" என்றார். இந்த முறை வெள்ளை ஒரு சாண் முன்னால். மறுபடியும் ஓட்டினார், சிவப்பு ஒரு சாண் முன்னால். என்னைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தார். களத்தில் தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்த்தார். இரண்டு நிறமும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி அந்த இடமே கோலம் கலைந்த வாசலாக ஆகிவிட்டது.

பழைய பிரேக் ஒழுங்காகப் பிடித்து நின்ற ஒவ்வொரு முறையும் அண்ணியின் முகம் வாடியது. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்குப் பயம் வந்தது. சொன்னது நிஜம் என்றால் மலர்கிற முகம் அது. இன்றைக்கு அவர் தேடி வந்ததும் ஒரு நிஜத்தைத்தான். பிரேக் பிடிக்கவில்லை என்று புருஷன் சொன்னது நிஜமாக இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தப் பாழாய்ப்போன பழைய டிஸ்க் ஒவ்வொரு தடவையும் நன்றாகப் பிடித்தது.

"பெரிசுல விரல் பட்டாலே புடிக்குது தம்பி. சின்னதுல கொஞ்சம் அழுத்தணும், அவ்வளவுதான். கொல்லிமலை மாதிரி எறங்கிக்கிட்டே இருந்தா சூடாகி வித்தியாசம் தெரியுமோ என்னமோ. நம்ம ரோட்டுல டயர் புடிக்கிற அளவுக்குத்தான வண்டி நிக்கும்?" என்றார்.

பிறகு இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துப் பார்த்தார்.

"கடைசியா ஒண்ணு. நான் கோட்டுக்கிட்ட வரும்போது எனக்குப் போன் பண்ணு."

பெரிய டிஸ்க் வண்டியில்தான் வந்தார். நான் அழைத்தேன். இடது கையால் போனை எடுத்துக் காதில் வைத்தார். என் காதில் அவர் குரல், "சொல்லு" என்றது. வண்டி கோட்டைத் தாண்டியது. வெள்ளையை, சிவப்பை, எல்லாவற்றையும் தாண்டி, களத்துச் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றது. நான் ஓடினேன். அண்ணி வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுக் களத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்கண்ணனும் இப்பிடித்தான் தம்பி. 'சொல்லு'ன்னார். அப்புறம் சத்தம்தான் கேட்டுது."

"நீங்களா அண்ணி கூப்பிட்டீங்க?"

"கொத்தமல்லி வாங்கிட்டு வரச் சொல்றதுக்கு" என்றார். "பிரேக்கா இருந்தா நல்லா இருக்கும்னு பாத்தேன்."

வாட்ச்மேன் சத்தம் போடுவார் என்று பக்கெட்டில் தண்ணீர் எடுத்து வந்து கோட்டையும் அடையாளங்களையும் இருவரும் கழுவினோம்.

அமாவாசை அன்று கோயிலில் நல்ல கூட்டம். பெரியம்மா வந்திருந்தாள். மெக்கானிக் தன் மனைவியோடு ஒரு ஓரமாக நின்றார். தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். அண்ணி முன்னால் போனார். அம்மா அவர் முதுகைத் தொட்டு அனுப்பிவைத்தாள்.

"பிரேக் நல்லாத்தான் இருந்தது. மெக்கானிக் மேல தப்பு இல்ல. அந்த நேரத்துல நான்தான் போன் பண்ணினேன்" என்று சொல்லி, உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார். பிறகு மெக்கானிக் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்க."

"விடுங்க சாமி. நீங்க எதுக்குங்க கையெடுக்கறீங்க" என்று அவர் பதறிப்போனார். அவர் மனைவி அழுதுவிட்டாள்.

அண்ணி சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஆனால் போனை எடுத்தது யார் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு அங்கே ஒரு ஆள் இருந்தான். கைகட்டி, கண்ணை மூடி, பக்தியாக நின்றுகொண்டிருந்தான். நாமாவது அவனை உலுக்கலாமா என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அம்மா பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா, நம்ம பையன் மேல ஒண்ணுமில்ல. ஊட்டுக்காரி ஓயாம போன் பண்ணுனா அவன் எப்பிடி வண்டி ஓட்டுவான்?" கோயில் படியை இறங்குவதற்குள் கதை திரும்பி, பழி மெக்கானிக்கின் தலையிலிருந்து அண்ணியின் தலைக்கு ஏறிவிட்டது. ஈரோட்டுச் சொந்தம் வரைக்கும் மறுபடியும் போன் போனது. தேன் டம்ளரைப் பெரியம்மா அன்றைக்குத்தான் மறந்தாள் என்று நினைக்கிறேன். வஞ்சம் தீர்ந்த முகமாக அவள் பொங்கல் சாப்பிட்டாள்.

அண்ணி ஆடிக்குத் தாய்வீடு போனார். ஆவணியில் திரும்பி வரவில்லை. அண்ணன் ஒருமுறை போய்க் கூப்பிட்டதாகச் சொன்னான். என்ன சொல்லிக் கூப்பிட்டான் என்று எனக்குத் தெரியாது. "நான்தான் போனை எடுத்தேன்" என்று சொல்லியிருந்தால் வந்திருப்பார். பிறகு அவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்றில் சேர்ந்து போர்வெல் போட வடக்கே போய்விட்டான். அவன் வண்டி என்னிடம் வந்தது. அந்தப் பெரிய டிஸ்க் இன்னும் அதில்தான் இருக்கிறது. கழற்றினால் ஊர் ஏன் என்று கேட்கும்.

கழற்றாவிட்டாலும் கேட்கிறார்கள். பெட்ரோல் பங்கில், டீக்கடையில், கல்யாண மண்டபத்து வாசலில் யாராவது குனிந்து பார்த்து, "இதப் போட்டா நல்லா நிக்குதுங்களா? நம்ம ரோட்டுக்குப் போடலாமுங்களா?" என்பார்கள். தண்டச்செலவு, நல்ல டயர் போடுங்கள் என்று சொல்லலாம். அப்புறம் எதற்கு நீங்கள் போட்டீர்கள் என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் என் வீட்டையே அவிழ்த்துக் காட்ட வேண்டும். "நல்லா நிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவேன். என் பேச்சைக் கேட்டுப் போட்டவர்கள்கூட இரண்டு பேர் இருக்கிறார்கள்.

போன மாதம் என் கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் கெங்கவல்லிக்குப் போனேன். அண்ணி கொஞ்சம் இளைத்திருந்தார். மற்றபடி அதே அண்ணிதான். பத்திரிகை மஞ்சளை விரலில் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு போன்கூடப் பண்றதில்லையே அண்ணி?" என்றேன்.

"நீ எங்க இருக்கியோ. வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தா?" என்றார்.

அவர் யாருக்குமே போன் செய்வதில்லை என்று அவர் அம்மா சொன்னார்கள். கிளம்பும்போது அண்ணியின் அப்பா வாசல்வரை வந்தார். முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து, தங்க நிறத்தைத் தொட்டுப் பார்த்தார். அண்ணி பின்னால் நிலைப்படியில் நின்றிருந்தார்.

"ஏந்தம்பி, இதப் போட்டதுக்கு அப்புறம் வண்டி நல்லா நிக்குதா?"

எத்தனையோ டீக்கடையில் சொன்ன வாய். யோசிப்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது. "நல்லா நிக்குதுங்க மாமா."

அவர் நிமிர்ந்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மகளிடம் திரும்பி, "கேட்டியாம்மா? பழைய பிரேக்குலதான் கோளாறு இருந்திருக்கு. தம்பியே சொல்லுது. நீ போன் பண்ணதால ஒண்ணும் இல்ல. இனிமேலாவது மனசப் போட்டு அலட்டிக்காத" என்றார்.

அண்ணி என்னைப் பார்த்தார். பூமி பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்று இருந்தது எனக்கு. இல்லை மாமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

"அத நான் பாத்துட்டேன்ப்பா" என்றார் அண்ணி.

சொல்லிவிட்டு என் அருகில் வந்து, பத்திரிகைப் பையை டேங்க் மேலிருந்து எடுத்துக் கைப்பிடியில் மாட்டினார். "போன் வந்தா எடுக்காதே, போய்ச் சேந்ததும் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.